காய்ச்சிய ஆரஞ்சுச் சாறு

போன மாதம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவள் ஏரிச் சாலையில் பியூட்டி பார்லர் நடத்துகிறவள். டப்பாவுக்குள் வெள்ளை மாவு. அதன் பெயர் கொலாஜன் என்றும், தினமும் ஒரு கரண்டி பாலில் கலக்கிக் குடித்தால் வயதானாலும் தோல் சுருங்காது என்றும், பார்லருக்கு வருகிற பெண்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றும் ஒரே மூச்சில் சொன்னாள்.

“சிஸ்டர், நீங்க அத்தன வருசம் ஆஸ்பத்திரில இருந்தவங்க. இது நெசமாவே வேலை செய்யுமா?”

“எம் மூஞ்சியப் பாத்துட்டு என்கிட்டயா கேக்குறே?” என்றேன்.

எனக்கு எண்பத்தாறு முடிந்துவிட்டது. என் முகத்தில் சுருக்கம் இல்லாத இடம் மூக்கு நுனி ஒன்றுதான். ஆனால் கொலாஜன் என்ற சொல்லை அவள் எனக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பதாக நினைத்தது கொஞ்சம் சுருக்கென்றது. அறுபது வருடத்துக்கு மேலாக எனக்கு அந்தச் சொல் தெரியும். அதைக் கற்றுக்கொண்ட விதம்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஒரு மனுஷியின் கால் என்னால் போயிருக்க வேண்டியது, தப்பியது. கதையைக் கேட்ட ஸ்டெல்லா, இதை எழுதித்தான் ஆகவேண்டும் என்று ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிவந்து விட்டாள். எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். அப்பா இங்கே கொடைக்கானலில் ஒரு மிஷன் பங்களாவில் தோட்டக்காரர். மதுரையில் நர்ஸ் படித்தேன். அந்த மூன்று வருடத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெட்பேன் கழுவினேன், போர்வை மூலையை மடிக்கக் கற்றேன், ஊரை நினைத்து அழுதேன், எல்லாவற்றையும் கொதிக்கவைத்தேன். ஊசியைக் கொதிக்கவைக்க வேண்டும். கத்தரிக்கோலைக் கொதிக்கவைக்க வேண்டும். பால், தண்ணீர், துணி, கிண்ணம், எதுவானாலும் கொதிக்கவைத்தால் கெடுதல் போய்விடும் என்பது எங்களுக்கு வேதம். அந்த வேதத்தோடுதான் ஐம்பதுகளின் பின்பாதியில் கொடைக்கானலுக்குத் திரும்பி, இருபது கட்டில் மட்டுமே இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே எல்லாம் டாக்டர் ஜெயமணி அம்மாதான். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். அப்போது ஐம்பது வயது இருக்கலாம். உயரம். வெள்ளைப் புடவை, மணிக்கட்டு வரை மூடிய கைவைத்த ரவிக்கை. வெயில் அடித்தால் கறுப்புக் குடை இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். இந்தக் குளிர் ஊரில் சூரியனைக் கண்டால் நாங்கள் எல்லோரும் ஓடிப்போய் முதுகைக் காட்டி உட்காருவோம். அவர் மட்டும் குடைக்குள் நடப்பார். “மேல ஏற ஏற வெயிலுக்குப் பல்லு கூர்மை. குளிருறதால கடிக்கிறது தெரியல” என்பார்.

அவர் நோயாளியைப் பார்க்கிற முறையே வேறு. நாடி பார்ப்பதற்கு முன்னால், எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கும் முன்னால், “நேத்து என்ன சாப்பிட்டீங்க? எப்படிச் சமைச்சீங்க?” என்று கேட்பார். காய்ச்சலில் முனகிக்கொண்டு வருகிறவன் விழிப்பான். பதில் வரும்வரை விடமாட்டார். பிறகு புறங்கையில் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி, அது திரும்பப் படிகிற வரைக்கும் வாய்க்குள் எண்ணுவார். ஈறைப் பார்ப்பார். கெண்டைக்கால் மயிரைக்கூடக் குனிந்து பார்ப்பார். இத்தனைக்கும் பிறகுதான் ஸ்டெதாஸ்கோப் கழுத்திலிருந்து இறங்கும்.

சத்தம் போட்டு ஒருவரையும் அவர் திட்டிக் கேட்டதில்லை. நாங்கள் சார்ட்டில் தப்பாக எழுதியிருந்தால் அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. அவ்வளவுதான். சார்ட்டை நம் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்டியிருந்தால் மறுவார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொள்ளலாம். அந்தச் சிவப்புக் கோட்டிடம் என்ன பேசுவது?

சீசன் சமயத்தில் மெட்ராஸிலிருந்து வருகிற பணக்காரப் பெண்கள் சிலர் அவரைத் தேடி வருவார்கள். ஒரு அம்மாள், பெரிய வீட்டுக்காரர் என்று பார்த்தாலே தெரியும், கண்ணுக்குக் கீழே விழுந்த சுருக்கத்துக்கு சீமை கிரீம் ஏதாவது எழுதிக்கொடுக்கச் சொன்னார். டாக்டரம்மா வழக்கப்படி நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆரம்பித்தார். இரண்டு பிஸ்கட்டும் ஐந்து காபியும். பகல் முழுக்க ஏரியில் படகு, தலையில் ஒன்றுமில்லை. சீட்டில் எழுதினார்: குடை, தினம் ஒரு கொய்யாப்பழம், ஒரு முட்டை, எட்டு மணி நேரத் தூக்கம். அந்த அம்மாள் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் மருந்து எழுதியிருக்குமோ என்ற நம்பிக்கை. அவர் போன பிறகு நாங்கள் பார்மசி அறைக்குள் புகுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

வார்டில் எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிட்ட வேலம்மா வந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெண்கள் வார்டு என் பொறுப்பு. பண்ணைக்காட்டிலிருந்து வந்த பஸ்ஸில் அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வயது அறுபதை ஒட்டி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ரோட்டுக்கு மேலே செங்குத்தான மேட்டில் ஒற்றை வீடு. சுற்றிலும் கொஞ்சம் காப்பிச் செடி, மிளகுக் கொடி. பழம் பறிக்கும்போது வெட்டிவிட்ட காப்பிக் கட்டை ஒன்று கணுக்காலுக்கு மேலே கிழித்துவிட்டது. மூன்று மாதமாகியும் ஆறவில்லை. உள்ளங்கை அகலத்துக்குப் புண். சுற்றிலும் தோல் நீலம் பூத்துக் கிடந்தது.

“நேத்து என்ன சாப்பிட்டீங்க?” என்றார் டாக்டரம்மா.

“கஞ்சிதான் தாயி. உப்புப் போட்ட கஞ்சி.”

“அதுக்கு முந்தின நாள்?”

“அன்னைக்கும் அதான். காலேல கடுங்காப்பி. ஒத்த ஆளுக்கு என்னத்தப் பெரிசா அடுப்பு மூட்டுறது? பல்லும் நாலுதான் கெடக்கு.”

“கீரை, காய், பழம்?”

“புண்ணு இருக்கையில புளிப்புத் தின்னா சீப்புடிக்கும்னு எல்லாரும் சொன்னாக. அதனால தொடல. கொல்லையில ஆறு ஆரஞ்சு மரம் நிக்கிது. எல்லாத்தையும் ஏவாரிக்குத்தான் போடுறது.”

டாக்டரம்மா அவருடைய உதட்டை விலக்கிப் பார்த்தார். மிச்சமிருந்த நாலு பல்லைச் சுற்றி ஈறு பஞ்சுபோல வீங்கி ரத்தம் கசிந்தது. இடது முழங்கையில் ஒரு பழைய தழும்பு, சின்ன வயதில் அரிவாள் பட்டதாம். நாற்பது ஐம்பது வருடத்துத் தழும்பு. அது மறுபடி வாய் பிளக்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“எஸ்தர், தோலுக்கு அடியில ஒரு நார் இருக்கு. கொலாஜன்னு பேரு. கயித்துக் கட்டில்ல கயிறு பின்னியிருக்கோமே, அது மாதிரி. உடம்பு பழசை அவுத்து அவுத்துப் புதுசாப் பின்னிக்கிட்டே இருக்கும். வயசானா பின்னுற வேகம் குறையும். அதான் தோல் தொங்குது, மெலிசாகுது. பருப்பு, முட்டை, பால் எல்லாம் கயிறு. புளிப்புப் பழத்துல இருக்கிற சத்து முடிச்சுப் போடுற கை. கை இல்லேன்னா புதுப் பின்னலும் நிக்காது, பழைய தழும்பும் பிரிஞ்சிடும். இவங்களுக்குக் கையே இல்ல.”

வைட்டமின் மாத்திரை கொஞ்சம்தான் இருந்தது. அதைப் புட்டிப்பால் குடிக்கிற குழந்தைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். பழம் காய்க்கிற மலையில் மாத்திரை எதற்கு என்று சொல்லிவிட்டு சார்ட்டில் எழுதினார்: காலையும் மாலையும் இரண்டிரண்டு ஆரஞ்சுப் பழத்தின் சாறு, ஒரு முட்டை, பருப்பு, வேகவைத்த கீரை.

இனி புண்ணை அளக்கிற முறையைச் சொல்ல வேண்டும். பழைய எக்ஸ்ரே பிலிமைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பெல்லாம் கழன்று கண்ணாடிபோல ஆகிவிடும். அதை ஸ்பிரிட்டில் துடைத்து, கழுவிய புண்ணின்மேல் பட்டும் படாமல் பிடித்து, ஓரத்தை மார்க்கிங் மையால் வரைய வேண்டும். கை நடுங்கக்கூடாது. நோயாளியோடு பேசவும் கூடாது. மூலையில் தேதி. வாரம் ஒரு பிலிம். போன வாரத்துப் பிலிமை அடியில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் புண் சுருங்குகிறதா பரவுகிறதா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். கண் அளவை டாக்டரம்மா நம்பமாட்டார். “ஆறணும்னு நாம நினைக்கிறோம்ல, அதனால ஆறுற மாதிரியே தெரியும்” என்பார்.

முதல் நாள் சாறு பிழிந்து கொண்டுபோனேன். வேலம்மா பெரியம்மா தம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

“ஐஸா இருக்கு தாயி. இந்தக் குளிருக்கு இதைக் குடிச்சா நெஞ்சு கட்டிப்போயிரும்.”

நியாயமாகத்தான் பட்டது. வார்டுக்குள்ளேயே மஞ்சு புகுந்து திரிகிற மாதம். எங்கள் அம்மாவும் கார்த்திகை, மார்கழியில் காய்ச்சாத எதையும் எங்கள் வாயில் ஊற்றமாட்டார். பக்கத்து அறையில் கரியடுப்பு இருந்தது. ஒரு செம்புச் சட்டியில் சாற்றை ஊற்றி, மிளகு தட்டிப்போட்டு, கருப்பட்டி சேர்த்து, பாதியாக வற்றும்வரை காய்ச்சிக் கொடுத்தேன். பெரியம்மா ஊதி ஊதிக் குடித்தார். “இதுதான் மருந்து!” என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மறுநாளிலிருந்து மாலைக்கு உரியதையும் காலையிலேயே பிழிந்து, காய்ச்சி, சட்டியைத் தணலிலேயே விட்டுவிடுவேன். மாலை வரை சூடாக இருக்கும். சார்ட்டில் ‘சாறு கொடுக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் ஒன்றும் எழுதவில்லை.

முதல் வாரத்துப் பிலிமில் மாற்றமில்லை. இரண்டாம் வாரம் கோடு வெளியே போயிருந்தது. மூன்றாம் வாரம் இன்னும் வெளியே. தொடையில் புதிதாக நீலம். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. குஷ்டமோ என்று கோழி இறகால் காலெங்கும் தொட்டுப் பார்த்தார், உணர்ச்சி நன்றாக இருந்தது. சார்ட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். சாறு கொடுக்கப்பட்டது, சாறு கொடுக்கப்பட்டது. நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இன்றைக்கும் என்னை நினைத்து எனக்கு ஆத்திரம் வருவது அந்த இடத்தில்தான்.

நான்காம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெரியம்மாவின் முன்னால் உட்கார்ந்தார். கெட்ட சேதி சொல்லவேண்டியிருந்தால் அவர் நின்றுகொண்டு சொல்லமாட்டார்.

“நான் நினைச்சது தப்புன்னு தோணுதும்மா. எலும்பு வரைக்கும் போயிருக்குமோன்னு பயமா இருக்கு. நாளைக்குப் பஸ்ஸுல மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். அவங்க காலை எடுக்கணும்னு சொல்லலாம். மறைக்கக்கூடாதுன்னுதான் சொல்றேன்.”

பெரியம்மா அந்தக் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு, “எம் வீடு மேட்டுல இருக்குங்க. மாட்டுவண்டி ஏறாது. கட்டிலத் தூக்கிட்டு ஏறக்கூட ஆளு திணறுவான். ஒத்தக் காலோட நான் எப்புடிங்க வீட்டுக்குப் போவேன்?” என்றார்.

அவர் அழவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார்.

அன்று மத்தியானம் மதுரைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது என்னைக் கூப்பிட்டார். நான் நின்றேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

“ஆரஞ்சு ஒரு நாளைக்கு நாலு. இருபத்திநாலு நாள். ஒரு நாளும் விடலையே?”

“விடலைங்க டாக்டர்.”

“முழுசாக் குடிச்சாங்களா?”

“சொட்டு மீதி வைக்கல. மிளகு போட்டு நல்லாக் காய்ச்சி, சூடாக் கொடுத்ததால விரும்பிக் குடிச்சாங்க.”

பேனா நின்றது.

“காய்ச்சியா?”

“ஆமாங்க.”

“எவ்வளவு நேரம்?”

“பாதியா வத்துற வரைக்கும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் தணல்லயே இருக்கும்.”

“எந்தப் பாத்திரத்துல?”

“செம்புச் சட்டிங்க.”

அவர் பேனாவை மூடி வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். சிவப்புப் பென்சில் மேசையில்தான் கிடந்தது. அதை எடுக்கவில்லை.

“அந்தச் சத்து கொதி தாங்காது எஸ்தர். செம்புல வச்சு அத்தன நேரம் சுட வச்சா மிச்சம் மீதியும் போயிடும். இருபத்திநாலு நாளா அந்த அம்மாவுக்கு நாம கொடுத்தது கருப்பட்டித் தண்ணி.”

நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“இந்த லெட்டர் போயிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? பழச்சாறு கொடுத்தும் ஆறலைன்னு எழுதியிருக்கேன். அதைப் படிக்கிற டாக்டர் என்ன நினைப்பார்? வேற வழியில்லைன்னு காலை எடுத்திருப்பார்.” கடிதத்தை நாலாகக் கிழித்தார். “நான் எழுதினது ‘சாறு’ன்னு மட்டும். காய்ச்சாதேன்னு எழுதலை. வர்ற நோயாளிகிட்ட எல்லாம் எப்படிச் சமைச்சீங்கன்னு கேக்குறேன். ஒன்கிட்ட ஒரு நாளும் கேக்கல. பாதித் தப்பு என்னோடது.”

மீதிப் பாதி யாருடையது என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

பத்து நாள் தவணை கொடுத்தார். காய்ச்சல் வந்தால் அன்றே மதுரை. பத்தாம் நாள் பிலிமில் கோடு வெளியே போயிருந்தாலும் மதுரைதான். நான் வெளியே வரும்போது, “அந்த அம்மாகிட்ட இதைச் சொல்லவேண்டியது நீதான். எப்பங்கிறது உன் இஷ்டம்” என்றார். அன்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. புண் ஆறினால் சொல்லலாம், ஆறாவிட்டால் சொல்லித்தான் என்ன என்று கோழைத்தனமாகக் கணக்குப் போட்டேன்.

மாலையில் காய்ச்சாத சாற்றோடு போனேன்.

“என்ன தாயி, இன்னிக்கு மணத்தையே காணோம்?”

“இனிமே காய்ச்சக்கூடாதுன்னு டாக்டரம்மா உத்தரவு பெரியம்மா.”

“அப்ப எனக்கு வேணாம். காலு போறதுக்கு முன்னாடி உசுரு போகவா?” முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் முன்னால் நானே ஒரு தம்ளர் குடித்துக் காட்டினேன். “ஒனக்கு எளரத்தம்” என்றார். கெஞ்சினேன். கோபித்தேன். அன்று மாலையும் மறுநாள் காலையும் ஒரு சொட்டு இறங்கவில்லை. பத்து நாளில் ஒரு நாள் வீணாயிற்று. கடைசியில் ஒரு யோசனை வந்தது. வெந்நீர்ப் பை மேல் துண்டைச் சுற்றி, அதன்மேல் முழு ஆரஞ்சுகளை வைத்து, அவருடைய கம்பளிக்குள்ளேயே செருகிவிட்டேன். பழம் உடம்புச் சூட்டுக்கு வந்ததும் அவர் கையிலேயே கொடுத்து உரிக்கச் சொன்னேன்.

தொட்டுப் பார்த்தார். குளிரவில்லை. ஒரு சுளையை வாயில் போட்டு ஈறால் நசுக்கினார்.

“என்னைய அடைக்கோழி ஆக்கிப்புட்டியே!” என்றார். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். பெரியம்மாவும் சிரித்தார். நாலு சுளை, பிறகு முழுப் பழம். மறுநாளிலிருந்து விடியும்போதே, “தாயி, முட்டை பொரிஞ்சிருச்சு, வெரசா வா” என்று கூப்பிடத் தொடங்கினார். ஆஸ்பத்திரித் தோட்டத்து நெல்லிக்காயையும் தட்டி உப்புப் போட்டுக் கொடுத்தேன். புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சப்புவார்.

ஐந்தாம் நாள் ஈறில் ரத்தம் இல்லை. ஏழாம் நாள் தொடை நீலம் மஞ்சளாக மாறியது. நான் எதையும் நம்பவில்லை. ஆறவேண்டும் என்று நினைப்பதால் ஆறுகிறமாதிரி தெரிகிறது என்றே எண்ணிக்கொண்டேன். அந்தப் பத்து நாளும் சோறு எப்படி இறங்கியது என்று எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள் பிலிமை வைத்து வரைந்தேன். மூலையில் தேதி போட்டேன். டாக்டரம்மா இரண்டு பிலிமையும் வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தார். நான் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். திருப்பிப் பிடித்தார். மறுபடி நேராகப் பிடித்தார்.

“எஸ்தர், இங்க வா. நீயே பாரு.”

புதுக் கோடு பழைய கோட்டுக்கு உள்ளே இருந்தது. ஒரு நூல் அளவுதான். ஆனால் சுற்றி முழுக்க உள்ளே இருந்தது. டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் துணி அலமாரி இருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மடித்து வைத்த போர்வைகளில் முகத்தைப் புதைத்து அழுதேன். என் நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. அன்று மத்தியானம் இரண்டு பேர் சோற்றைச் சாப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து எங்கள் சார்ட்டில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. அதன் தலைப்பு ‘எப்படி’. எதைக் கொடுத்தாலும் சூடாகவா, ஆறவைத்தா, பச்சையாகவா, எந்தப் பாத்திரத்தில் என்று எழுதவேண்டும். புதிதாக வந்த நர்ஸுகள் இது என்ன கிறுக்குத்தனம் என்று முணுமுணுப்பார்கள். நான் ஓய்வுபெறும் வரை அந்தக் கட்டத்தை எடுக்கவிடவில்லை.

கதையை நான் சொன்ன அன்று, இந்த இடத்தில் ஸ்டெல்லா குறுக்கிட்டாள். “அப்போ இந்த டப்பா வேண்டாமா சிஸ்டர்?”

“வேணும்னா குடி. அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். முட்டை, பருப்பு, மீன் சாப்பிடு. கொய்யாவோ நெல்லியோ ஆரஞ்சோ தினம் ஒண்ணு, பச்சையா. வெயில்ல குடை. புகை பக்கம் போகாதே. நல்லாத் தூங்கு. இவ்வளவும் செஞ்சாலும் சுருங்கத்தான் செய்யும். மெதுவாச் சுருங்கும்.”

“நீங்க குடை பிடிச்சீங்களா?”

“நான் எங்க பிடிச்சேன்? தோட்டக்காரர் மக. அதான் இப்படி இருக்கேன்.”

அவள் சிரித்துவிட்டு, டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்: “அந்தப் பெரியம்மாகிட்ட நீங்க சொன்னீங்களா இல்லையா?”

சொன்னேன். ஆனால் தை மாதக் கடைசி வரை இழுத்துவிட்டேன். அதற்குள் புண் முழுக்க மூடி, இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் போர்த்திருந்தது. முழங்கைத் தழும்பும் வாயை மூடிக்கொண்டது. வீட்டுக்கு அனுப்புகிற நாளில் நானே லீவு போட்டுவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். துணைக்கு என்று எல்லோரிடமும் சொன்னேன். டாக்டரம்மா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பெருமாள்மலையில் வண்டி நின்றபோது சொல்லலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். பண்ணைக்காட்டில் இறங்கியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். பெரியம்மா கடைக்காரர்களிடம் காலைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த மேட்டின் அடிவாரத்துக்கு வந்துவிட்டோம். நிமிர்ந்து பார்த்தேன். வழி என்று சொல்லமுடியாது, பாறையில் கால் வைக்க வெட்டிய பள்ளங்கள்தான். ஒற்றைக் காலோடு எப்படிப் போவேன் என்று அவர் கேட்டது அப்போதுதான் எனக்கு முழுக்க விளங்கியது. நின்றுவிட்டேன்.

“பெரியம்மா, ஒண்ணு சொல்லணும். நான் சாறைக் காய்ச்சிக் கொடுத்தேன்ல, அது தப்பு. காய்ச்சுனதால அதுல இருந்த சத்தெல்லாம் போச்சு. அதனாலதான் ஆறல. உங்க காலை எடுக்கவேண்டிய நெலைமை வந்தது என்னாலதான். டாக்டரம்மா அன்னைக்குக் கேட்டிருக்கலைன்னா உங்க கால் போயிருக்கும். இவ்வளவு நாளாச் சொல்லாம இருந்துட்டேன். என்னை மன்னிச்சிருங்க.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். வைவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் முதல் பள்ளத்தில் ஒரு காலை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“அவரு போயி ஒம்பது வருசம் ஆச்சு தாயி. இந்த ஒம்பது வருசத்துல எனக்கொசரம் வெள்ளனே எந்திரிச்சு அடுப்பு மூட்டி, இந்தாங்கன்னு கையில ஒண்ணக் குடுத்தது நீ ஒருத்திதான். அது சத்தா சக்கையான்னு நான் எதுக்குப் பாக்கப்போறேன்?”

நான் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“காலும் இருக்கு, நீயும் வந்திருக்கே. மேக்க கருத்துக் கெடக்கு பாரு, மழை வந்துரும். வெரசா ஏறு. அடுப்பு மூட்டணும், ரெண்டு பேருக்குச் சோறு வைக்கணும்.”

சொல்லிவிட்டுத் திரும்பி ஏறத் தொடங்கினார். இடது கால், வலது கால், இடது கால். பாதி மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் நிற்கவே இல்லை.